நிலத்தைப் பற்றும் கடனும் ஆளைப் பற்றும் கடனும்
(மலையகத் தோட்டக் கூலியை முன்வைத்து ஓர் ஒழுக்கவியல் நோக்கு)

ஹட்டன் நகரில் வாழ்ந்து, சுற்றுப்புறத் தோட்டங்களிற் கொந்தராத்து வேலை எடுத்துச் செய்யும் மேசன் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரே கம்பெனியின் பொறுப்பிலுள்ள மூன்று தோட்டங்களில் அவருக்கு வேலை கிடைக்கின்றது. ஒன்றில் லயத்துக் கூரையின் பழந்தகரங்களைக் கழற்றிப் புதியன அறைகின்றார். மற்றொன்றில் தண்ணீர்த் தொட்டி கட்டுகின்றார். மூன்றாவதிற் பிள்ளைக்காம்பராவின் இடிந்த சுவரை எழுப்புகின்றார். சீமெந்தும் மணலும் அவர் கடைக்காரரிடம் கடனாக வாங்கியவை. கையாட்களின் நாட்சம்பளம் அவர் பையிலிருந்து போனது. இடையிற் கம்பெனி ஒரு தொகையைக் கொடுக்கின்றது. எந்த வேலைக்கு என்று சொல்லவில்லை. மிகுதி வருவதற்குள் ஒரு தோட்டம் வேறு கைக்கு மாறிவிடுகின்றது. மேசன் இப்பொழுது எதைப் பற்றிக்கொள்வது? வாக்குக் கொடுத்த கம்பெனியையா, கைமாறிப்போன தோட்டத்தையா, மூன்று தோட்டங்களையும் ஒருசேரவா?

கணக்குவழக்குப் பற்றிய கேள்விபோலத் தோன்றினும் இதனுள்ளே பழைய ஒழுக்கவியல் வினா ஒன்று இருக்கின்றது. கடன் எதிற் சென்று ஒட்டுகின்றது? வாக்குக் கொடுத்த மனிதனிலா, உழைப்பு ஏறிய பொருளிலா? மலையகத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாவுக்கு இரண்டு விடைகளை வைத்திருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆயினும் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மலையில், ஒரே மனிதர்மீது நடந்தேறின.

தையற்காரரிடம் துணி கொடுத்தவர் கூலி கொடுக்காவிட்டால், தைத்த சட்டையைத் தையற்காரர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் திருத்துபவருக்கும் அவ்வாறே. ஆங்கிலப் பொதுச்சட்டம் இதனை நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளது. சட்டத் தமிழில் இது பற்றுரிமை எனப்படும். உரிய கூலி கிடைக்கும்வரை பொருளைப் பற்றியிருக்கலாம் என்பதே இதன் பொருள். கூலி கையில் விழுந்த அதே கணத்தில் அவ்வுரிமை மறைந்துவிடும். சொத்துரிமையிலிருந்து இதனை வேறுபடுத்துவது இந்த அடக்கமே.

ஆயின், மேசன் தான் கட்டிய சுவரைக் கையிற் கொண்டுபோக இயலாது. நிலத்திற் கட்டப்பட்டது நிலத்தோடு சேரும் என்பது உரோமச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பிறனுடைய உத்தரம் ஒரு வீட்டிற் சேர்ந்துவிட்டால், வீட்டை இடித்து அதனைப் பிடுங்கலாகாது என்றும், அதன் பெறுமதியை இருமடங்காகக் கேட்கலாம் என்றும் உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் வகுத்தது. இடிப்பதால் எவருக்கும் பயனில்லை என்ற நடைமுறையறிவு இவ்விதியில் உண்டு. அதே வேளையில், உழைத்தவனுடைய பொருள் அவன் கையைவிட்டு மீளாதபடி போய்விட்டது என்ற ஒப்புதலும் உண்டு. இக்குறையை நிரப்பப் பிற்காலத்திற் செய்யப்பட்ட முயற்சியே கட்டட வேலையாளரின் பற்றுரிமை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1791ஆம் ஆண்டில் இதனைச் சட்டமாக்கியது. வாசிங்டன் தலைநகர் எழுந்துகொண்டிருந்த காலம் அது. கட்டும் கைகளுக்கு நம்பிக்கையூட்டினால் நகரம் விரைவில் எழும் என்பதே நோக்கம். ஜெபர்சனும் மடிசனும் அதற்கு ஆதரவாயிருந்தனர். வேலை செய்தவர் உரிய பதிவேட்டிலே தம் கோரிக்கையைப் பதிந்துவிட்டால், நிலத்தை யார் வாங்கினாலும் அக்கடன் நிலத்தோடு கூடவே செல்லும்.

இலங்கையிற் செல்லும் உரோம ஒல்லாந்தச் சட்டம் வேறு வழியிற் சென்றது. நல்லெண்ணத்தோடு ஒரு நிலத்தை ஆட்சி செய்து அதனைத் திருத்தியவர், செலவு தீர்க்கப்படும்வரை நிலத்தை விடாது வைத்திருக்கலாம் என்பது அதன் கொள்கை. இங்கே பற்றுரிமையின் உயிர் ஆட்சியிலேயே தங்கியிருக்கின்றது. திறப்பை ஒப்படைத்தவர் அதனை இழந்தவராவார். யாழ்ப்பாணத்தாரின் வழக்காறோ இன்னும் தாராளமானது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, பிறர் நிலத்தில் மரம் நட்டு வளர்த்தவனுக்கு அம்மரங்களிற் பங்கு உண்டு என்கின்றது; கன்று யாருடையது என்பதைப் பொறுத்து அப்பங்கு கூடும் அல்லது குறையும். தென்னையை நட்டவனுக்குத் தென்னையிற் பங்குண்டென்று கருதிய அதே தமிழ்ச் சமூகத்தின் கிளையொன்று, கடல் கடந்து வந்து மலைநாட்டிற் கோப்பியையும் தேயிலையையும் நட்டபோது, அப்படியொரு எண்ணம் எவருக்குமே எழவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

ஏன் எழவில்லை? விடையின் ஒரு பகுதி ஐரோப்பிய மெய்யியலிலேயே கிடைக்கின்றது. தன் உழைப்பை ஒரு பொருளோடு கலப்பவன் அப்பொருளைத் தனதாக்கிக்கொள்கிறான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜோன் லொக் வாதிட்டார். அக்கொள்கை நெடுந்தூரம் சென்றது. தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியவர்களும் அறிந்தோ அறியாமலோ அதனையே துணைக்கொண்டனர். ஆனால் அதே நூலில், அதே வாதத்தின் நடுவிலே, தன் வேலையாள் வெட்டிய புற்கரணையும் தனக்கே உரியது என்று லொக் கூறிச் செல்வதைப் பலர் கவனிப்பதில்லை. கூலிக்கு வாங்கப்பட்ட உழைப்பு வாங்கியவனுடைய உழைப்பாக எண்ணப்பட்டுவிடுகின்றது! தக்காளிச் சாற்றைக் கடலிற் கலந்தவனுக்குக் கடல் சொந்தமாகுமா, சாறு வீணாகுமா என்று 1974இல் ரொபேட் நோசிக் எழுப்பிய கேலிக்கேள்வி லொக்கின் கொள்கையை ஒரு பக்கத்தில் தாக்குகின்றது. மறுபக்கத்தில் அதனைத் தாக்கவல்ல கேள்வியோ எளியது. வேலையாளுக்குக் கூலி கொடுக்கப்படாதபோதும் புற்கரணை எசமானுடையதுதானா?

இக்கேள்வி மலைநாட்டில் ஒரு காலத்தில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளிற் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்தது. தோட்டங்கள் பெரும்பாலும் ஈட்டுக்கடனில் நடந்தவை. துரைமார் முறிந்தனர், அவர்களுக்குக் கடன் கொடுத்தோரும் முறிந்தனர். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. (புகையிரதம் ஹட்டனை எட்டியதும் அதே ஆண்டிலேதான். மலைக்கு வழி திறந்த ஆண்டில் மலையிற் பணம் இல்லை.) பல மாதக் கூலி நிலுவையோடு தொழிலாளர் கைவிடப்பட்டனர். துரை கப்பலேறிவிட்டால் வாக்குக் கொடுத்தவன் எங்கே? மீந்திருந்தது நிலம் ஒன்றே. அந்நிலமோ வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது. 1880களில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்கள், தொழிலாளரின் கூலியைத் தோட்டத்தின்மீது முதற்பொறுப்பாக்கின. அதாவது, தோட்டம் விற்கப்பட்டால் ஈடு பிடித்தவருக்கு முன் கொழுந்தெடுத்தவருக்கும் புல்வெட்டியவருக்கும் உரியது தீர்க்கப்படவேண்டும். மேரிலாந்தின் மேசனுக்குக் கிடைத்த உரிமைக்கு நெருங்கியதொன்று, எழுத்தறியாத தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப் புத்தகத்திற் கிடைத்தது.

ஈடு பிடித்தவர் தரப்பில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் முன்னரே பணம் கொடுத்தவர்; உறுதியைப் பதிந்தவர்; கூலி நிலுவையை உண்டாக்கியவர் அவரல்லர். பின்னர் வந்த கடன் அவருடைய கடனை எங்ஙனம் முந்தலாம்? கடல்சார் சட்டம் இதற்கு நல்லதொரு விடை தருகின்றது. கப்பலோட்டியின் சம்பளம் கப்பலின்மீதே ஒட்டும். ஒன்றுமறியாத ஒருவர் அக்கப்பலை விலைக்கு வாங்கினாலும் ஒட்டிய கடன் உரியாது. மூழ்க இருந்த கப்பலைப் பலர் அடுத்தடுத்து மீட்டிருந்தால், கடைசியாக மீட்டவருக்கே முதலிற் கொடுக்கப்படும். அவர் மீட்டிராவிடில் முன்னவர் எவருக்கும் எதுவும் மிஞ்சியிராது. நிலத்திற் கட்டியவனுக்குப் பற்றுரிமை தர மறுத்த ஆங்கிலச் சட்டம், கடலில் உழைத்தவனுக்கு அதனைத் தாராளமாகத் தந்தது ஒரு விந்தை. தோட்டமும் ஒருவகைக் கப்பலே. சில மாதம் களை பிடுங்காவிடிற் புல் மேலோங்கும். கவ்வாத்துச் செய்யாத தேயிலை மரமாகிவிடும். வங்கியின் ஈடு ஈடாக நிலைத்திருந்தது கூலி பெறாத கைகள் நிறுத்தாமல் வேலை செய்ததனாலேதான்.

இவ்விடை நன்றாயினும் முழுமையானதன்று. அது பயனை அடிப்படையாகக் கொண்டது. பயனே அடிப்படையாயின், பயன் விளையாத உழைப்புக்குப் பற்றுரிமை இல்லை என்றாகும். இலைநோய் பிடித்த கோப்பிக்கு உரமிட்டவன் நிலத்தின் பெறுமதியை ஒரு சதமேனும் கூட்டவில்லை. அவனுக்குக் கூலிக்கடன் நிலத்தில் ஒட்டாதா? வாக்கை அடிப்படையாகக் கொண்டால் வேறொரு சிக்கல். வாக்குக் கொடுத்தவர் எல்லாருக்கும் சமமாகவே வாக்குக் கொடுத்தார். வங்கியும் சாராயக் கடைக்காரரும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியவராவர்.

மூன்றாவது அடிப்படை ஒன்று உண்டு. அதுவே உறுதியானதெனத் தோன்றுகின்றது. தொழிலாளி முதலிற் கொடுத்துப் பின்னர் பெறுபவர். இன்றைய பிரட்டுக்கு எழுந்து சென்று, இன்று மலையேறி, இன்று பேர் விழுந்தாலும், கூலி மாத முடிவிற்கு அப்பாலேதான். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தாற் போதும் என்றது. சீர்திருத்தம் என்று போற்றப்பட்ட சட்டமே இவ்வளவு அவகாசம் கொடுத்தது! ஆகவே, தோட்டத்திலிருந்த ஒவ்வொரு தொழிலாளியும் துரைக்கு இரண்டு மூன்று மாதக் கடன் கொடுத்தவராக இருந்தார். வங்கி கடன் கொடுக்குமுன் விசாரிக்கும், வட்டி கேட்கும், விரும்பாவிடில் மறுக்கும். தொழிலாளிக்கு விசாரணையுமில்லை, வட்டியுமில்லை, மறுக்கும் வாய்ப்புமில்லை. விரும்பாமலே கடன்கொடுத்தவராக ஆக்கப்பட்டவருக்கு, விரும்பிக் கடன்கொடுத்தவரைவிட வலிய பிடி ஒன்றை அளிப்பது சலுகையாகாது. அவருக்கு மறுக்கப்பட்ட எச்சரிக்கையை ஈடுசெய்வதே அது.

இந்த அடிப்படையிற் பார்த்தால் ஹட்டன் மேசனின் மூன்று தோட்டங்கள் பற்றிய வினாவும் ஓரளவு தெளிகின்றது. பயன் மட்டுமே காரணமெனில், தண்ணீர்த் தொட்டிக்குரிய பணத்தைத் தொட்டி உள்ள தோட்டத்தில் மட்டுமே கேட்கலாம். கம்பெனி கொடுத்த பொதுத்தொகையை எந்தத் தோட்டத்துக் கணக்கில் வைப்பது என்ற வழக்கிலேயே அவர் ஆயுள் கழியும். வாக்கு மட்டுமே காரணமெனில், கைமாறிய தோட்டத்தை அவர் தொடவியலாது. விரும்பாக் கடனே காரணமெனில், கடன்பட்ட கம்பெனியின் தோட்டங்கள் யாவும் அக்கடனுக்கு விடைசொல்லவேண்டும். கைமாறிய தோட்டம் தன்மீது செய்யப்பட்ட வேலைக்கு விடைசொல்லவேண்டும். ஆயின் ஒரு வரம்பு உண்டு. மூன்றாவது தோட்டத்திலேயே கூலி பெறாதவர் இருந்தால், அங்கே அவர்களே முன்னிற்பர். பிறதோட்டத்தில் உழைத்தவர் அவர்களுக்குப் பின்னும் ஈடு பிடித்தவருக்கு முன்னும் நிற்கவேண்டும். மேசனாவது விலை பேசி வேலையை ஏற்றவர் என்று ஆட்சேபிக்கலாம். உண்மையே, அவருடைய பிடி தொழிலாளியின் பிடியைவிடச் சற்றுத் தளர்ந்ததாக இருப்பதும் பொருந்தும். அவருடைய கையாட்களின் நிலை தொழிலாளியின் நிலையேயாகும்.

இனி, மலையகம் அளித்த மற்ற விடையை நோக்குவோம். நிலத்தின்மீது கூலிக்கடன் ஒட்டவேண்டும் என்று சட்டம் எழுதிய அதே காலத்தில், தொழிலாளியின்மீது ஒட்டிய கடனொன்று தோட்டந்தோட்டமாகச் சென்றுகொண்டிருந்தது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆள்கட்டி வந்த கங்காணி, வழிச்செலவுக்கும் வீட்டாருக்கும் முற்பணம் கொடுத்திருப்பார். அப்பணம் துரை கொடுத்தது. இவ்வாறு மலைக்கு வந்து சேர்ந்த நாளிலேயே தொழிலாளி கடனாளி. கங்காணி தம் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இருக்கும் தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை ரூபா செலுத்தினால் இத்தனை ஆட்களை விடுவிப்போம் என்பது அதன் வாசகத்தின் சாரம். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை புதிய தோட்டத்துக் கணக்கில் அவர்கள் தலையில் ஏறும். துண்டில்லாதவரைப் பிற தோட்டத்தார் சேர்க்கமாட்டார்கள். ஆட்பஞ்சம் நேரும்போதெல்லாம் துண்டிலே குறித்த தொகை ஏறியது. தொழிலாளி ஒரு சதமும் கூடுதலாக வாங்காமலே அவர் கடன் வளர்ந்தது.

பற்றுரிமையின் இலக்கணங்கள் யாவும் துண்டுமுறையிற் பொருந்தியிருப்பதைக் காண்க. கடன் தீரும்வரை பொருள் விடப்படமாட்டாது. கைமாறினாற் கடனும் கூடவே செல்லும். வாங்குபவர் அதனைத் தீர்த்தே வாங்கவேண்டும். பற்றப்பட்ட பொருள் மட்டும் வேறு. மேரிலாந்திற் பற்றப்பட்டது கட்டடம். மலையகத்திற் பற்றப்பட்டது கட்டியவன். கடனுக்காக மனிதனுடைய ஏந்திரக்கல்லை ஈடாக வாங்கலாகாது, ஏனெனில் அது அவன் பிழைப்பை ஈடாக வாங்குவதாகும் என்ற கருத்துடைய விதியொன்று விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உண்டு. பிழைப்புக்கருவியே விலக்கப்பட்டதாயின், பிழைக்கும் ஆளைப் பற்றுவது பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இதற்கு மேலாக, வேலையை விட்டுப் போனவனுக்கு 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி சிறை காத்திருந்தது. கூலி கொடாத துரை கடனாளி மட்டுமே. வேலை செய்யாத கூலியாள் குற்றவாளி.

நிலத்தை நோக்கிய கடனும் ஆளை நோக்கிய கடனும் சந்தித்த இடம் கங்காணியின் கை. கூலி பெரும்பாலும் அவர் வழியாகவே தொழிலாளிக்குச் சென்றது. துரை கங்காணியிடம் எண்ணிக் கொடுத்தவுடன், சட்டத்தின் கண்ணில் நிலம் தன் கடனைத் தீர்த்துவிடும். கங்காணி முற்பணத்தையும் அரிசிக் கணக்கையும் கழித்துக்கொள்வார். நிலத்தின் கடன் தீர்ந்த அதே மேசையில் ஆளின் கடன் தீராதிருந்தது. கங்காணியைக் கொடியவராக மட்டும் காட்டும் எழுத்துகள் பல உண்டு. அவரும் துரைக்குக் கடன்பட்டவர், அவர் தலைமேலும் துண்டின் தொகை நின்றது என்பதை அவை மறந்துவிடுகின்றன. ஆயினும் கணக்கேடு அவரிடமிருந்தது. எழுத்தறியாதவரின் முதற்பொறுப்பு, எழுத்தறிந்தவரின் ஏட்டைத் தாண்டி நீதிமன்றம் வரை போவது எளிதன்று. நுவரெலியாவிலோ கண்டியிலோ வழக்காட, தோட்டத்தை விட்டு இறங்கவேண்டும்; இறங்க அனுமதி வேண்டும்; அன்றைய பேர் போகும்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தின் வாயிலாகவும், அதன் செயலாளராயிருந்த பெரி. சுந்தரம் முதலியோராலும் எழுப்பப்பட்ட குரல் இவ்விடத்தையே தொட்டது. துண்டுமுறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆளைப் பற்றும் கடன் இவ்வாறு அறுந்தது. நிலத்தைப் பற்றும் கடன் அதனால் வலுப்பெற்றதா என்பது வேறு கேள்வி.

நிலம் அதற்குப்பின் பலமுறை கைமாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச்சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 2045 வரை செல்லும் 53 ஆண்டுக் குத்தகைகள் அவ்வழி வந்தவை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தேயிலைச் செடி எண்ணப்பட்டது, இயந்திரம் எண்ணப்பட்டது, பங்களாவின் தளபாடம் எண்ணப்பட்டது. அரச முகாமையில் எஞ்சிய தோட்டங்கள் சிலவற்றில் ஊழியர் சேமலாப நிதிக்குரிய பணம் ஆண்டுக்கணக்கில் நிலுவையாயிற்று. அந்நிதியில் நூற்றுக்கு 8 பங்கு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்படுவது; கழிக்கப்பட்டுச் செலுத்தப்படாதது அவருடைய பணமேயன்றித் தோட்டத்தின் கடன் மட்டுமன்று. விரும்பாமற் கடன்கொடுத்தவர் என்ற நிலை இங்கே முழுவடிவம் பெறுகின்றது: தாம் கடன்கொடுத்திருப்பதையே அவர் 55 அல்லது 60 வயதில், படிவத்தை நீட்டும்போதுதான் அறிகின்றார்.

சேவைக்காலப் பணத்தின் கதை இன்னும் நுட்பமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை முடிந்து 30 நாளுக்குள் அது கொடுக்கப்படவேண்டும். லயன் அறையை ஒப்படைத்தாற்றான் பணம் என்று தோட்ட நிருவாகம் சொல்வதும், பணம் வந்தாற்றான் அறை என்று ஓய்வுபெற்றவர் இருப்பதும் மலையகத்திற் கேள்விப்படாத செய்திகளல்ல. நிருவாகத்தின் நியாயம், அறை வேலைக்காகத் தரப்பட்டது, வேலை முடிந்தால் அறையும் முடிந்தது என்பது. ஆனால் பணம் அறைக்கு விலையாகத் தரப்படுவதன்று. முப்பது நாற்பது ஆண்டு வேலைக்கு உரியது. தொடர்பில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்பது பற்றுரிமையின் எல்லைக்குள் வருவதன்று; தையற்காரர் பழைய பாக்கிக்காக வாடிக்கையாளரின் குடையைப் பிடித்துவைப்பது போன்றது. தொழிலாளியின் பக்கத்திலோ சட்ட நுணுக்கம் குறைவு, வேறொன்று கூடுதல். உரோம ஒல்லாந்தச் சட்டம் கேட்கும் ஆட்சி அவருக்கு இல்லை. அவர் அனுமதியில் இருப்பவர் மட்டுமே. ஆயினும் தாத்தா காட்டை வெட்டிய மலையும், தாய் கொழுந்தெடுத்த நிரையும், தாம் கவ்வாத்து வெட்டிய செடியும் சூழ இருக்க, அவற்றுள் எதனையும் அவர் பற்றவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றையே பற்றியிருக்கின்றார். அதுவும் தம் பணம் வரும்வரைக்கும்தான் என்கின்றார். பணம் வந்தபின் எங்கே போவது என்று அவரை எவரும் இன்னும் கேட்கவில்லை.